பட்டையில் ஓடும் மின்சாரம்



பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும், பால் ஓடுவது பட்டையில்தான். கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டால் காயம்தான் மிஞ்சும். கூரை ஏரியலிலிருந்து தொலைக்காட்சிக்கு இறங்கும் கம்பியிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

விளக்குக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அதிர்கிறது. அது செம்புக் கம்பியின் முழுத் தடிப்பிலும் பரவி ஓடும். தொலைக்காட்சி அலையோ பல நூறு மில்லியன் முறை அதிர்கிறது. அவ்வளவு விரைவாக மாறும் மின்சாரத்தின் காந்தப்புலமும் உடன் மாறி, நடுப்பகுதியில் ஓட்டத்தைத் தடுத்து, மேற்பரப்புக்குத் தள்ளிவிடும். 200 மில்லியன் அதிர்வில் அது செம்புக்குள் இறங்கும் ஆழம், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. 600 மில்லியனில் மூன்று பங்கும் இல்லை. பாதை மெலிந்தால் தடை கூடும். அலையின் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகும். இதைத் 'தோல் விளைவு' என்பார்கள்.

பல ஏரியல் கம்பிகளின் நடுநரம்பு எஃகு. மேலே செம்புப் பூச்சு மட்டுமே. காந்தம் ஒட்டுகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். இந்த வேலைக்கு அந்தப் பூச்சே போதும்.

ஜொகூரில் இது நமக்கு ஏன் முக்கியம்? 2019-இல் மலேசியாவும் சிங்கப்பூரும் பழைய ஒளிபரப்பை நிறுத்தி, இலக்கமுறைக்கு மாறின. முன்பு 200 மில்லியன் அதிர்வை ஒட்டி வந்த அலைவரிசைகளும் 470 மில்லியனுக்கு மேலே ஏறின. பெட்டியை மாற்றியவர்கள் பலர். கம்பியை மாற்றியவர்கள் சிலர். 200-இல் அலையின் பாதியைக் கொண்டுசேர்க்கும் கம்பி, 800-இல் கால் பங்கையே சேர்க்கும். பழைய முறையில் படம் புள்ளி புள்ளியாகவாவது தெரியும். இலக்கமுறையில் ஒரு வரம்புக்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, நின்றே போகும். 2021-இல் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடி டிடிக் டிவியில் பாடம் பார்த்தபோது, அது சிறிய குறையாக இருக்கவில்லை.

கம்பியைச் செய்வதற்குமுன் பொறியாளர்கள் இதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பார்கள். ஒரே அளவுள்ள ஒரு தடையைப் போட்டால் கணக்குப் பிழைக்கும். அது எல்லா அதிர்வுக்கும் ஒரே இழப்பைக் காட்டும். எனவே கம்பியை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய சில குழாய்களாகப் பாவிக்கிறார்கள். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு தடை. ஒன்றிலிருந்து அடுத்த உள்குழாய்க்குப் போக ஒரு சுருள். மெதுவான மின்சாரம் சுருள்களைக் கடந்து எல்லாக் குழாய்களிலும் ஓடும். விரைவானதைச் சுருள்கள் மறிப்பதால் அது வெளிக்குழாயோடு நின்றுவிடும். உண்மைக் கம்பி நடப்பதுபோலவே கணக்கும் நடக்கிறது.

உங்கள் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மிச்சக் கம்பியைச் சுருட்டித் தொங்கவிடாமல் அளவாக வெட்டுங்கள். இணைப்புகளில் மழைநீர் இறங்கினால் வெளிப்பின்னல் பச்சை பூத்து, இருக்கும் மெல்லிய பாதையும் கெடும். இறுக்கமாகச் சுற்றி அடையுங்கள். பூஸ்டர் வாங்கினால் ஏரியலுக்குப் பக்கத்திலேயே பொருத்தச் சொல்லுங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால் வைத்தால், வழியில் நலிந்துபோன அலையோடு இரைச்சலையும் சேர்த்தே அது பெருக்கித் தரும்.