ஏலக்காய்க்கும் ஏலம்... சர்க்கார் கடனுக்கும் ஏலம்!

எங்கள் போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று பாயசத்தில் தட்டிப் போடுகிற ஏலம். மற்றது போட்டி போட்டு விலை கேட்கிற ஏலம். இந்த இரண்டும் ஒழுங்காக நடந்தால்தான் எங்கள் ஊரில் பல வீடுகளில் உலை கொதிக்கும்.

மூன்றாவதாக ஒரு ஏலமும் இருக்கிறது. வாரா வாரம் புதன்கிழமை ரிசர்வ் வங்கி நடத்துவது. அங்கே விலைக்கு வருவது இந்திய சர்க்கார் வாங்கும் குறுகிய காலக் கடன். அதற்கான பத்திரத்துக்கு 'டிரஷரி பில்' என்று பெயர். தமிழில் கருவூல உண்டியல்.

"சர்க்கார் கடன் வாங்கினால் நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! கையில் பத்தாயிரம் ரூபாய் இருந்தால், நீங்களும் நானும் அந்தக் கடனைக் கொடுக்கலாம்.

சர்க்காருக்கு ஏன் கைமாற்று?

ஏலத்தோட்டக் குடும்பங்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். காய் எடுப்பு ஆடி, ஆவணியில் சூடு பிடித்து, தை வரை போகும். பணம் அந்த மாதங்களில்தான் வரும். ஆனால் அரிசியும் பாலும் பன்னிரண்டு மாதமும் வேண்டும். அதனால் மளிகைக் கடையில் நோட்டுப் போட்டு வாங்கி, காய் விற்றதும் அடைப்போம்.

சர்க்கார் குடும்பமும் இப்படித்தான். பெரிய வரிகள் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று தவணை தவணையாக வருகின்றன. சம்பளமும் பென்ஷனும் மாதா மாதம் கொடுத்தாக வேண்டும். நடுவில் விழும் பள்ளத்தை நிரப்ப 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று தவணைகளில் கடன் வாங்குகிறார்கள். வாரக் கணக்கில் சொன்னால் 13, 26, 52 வாரம். புதன்கிழமை ஏலம், பெரும்பாலும் வியாழக்கிழமை பணம் கட்டுவது, கெடு முடிவதும் ஒரு வியாழக்கிழமை. கணக்கை மறக்கவே முடியாது! (இப்படிப் பில் விற்பது மத்திய சர்க்கார் மட்டுமே. மாநில சர்க்கார்கள் விற்பது வேறு வகை, நீண்ட காலப் பத்திரங்கள்.)

சீட்டு தெரிந்தவர்களுக்கு இது தெரியும்

இந்தப் பில்லில் வட்டி என்று தனியாக எதுவும் தருவதில்லை. "வட்டி இல்லாமல் யார் கொடுப்பா?" என்று என் மதினி கேட்டார்கள். ஏலச்சீட்டு கட்டும் மதினிக்கு ஏலச்சீட்டை வைத்தே பதில் சொன்னேன்.

சீட்டில் அவசரக்காரர் என்ன செய்கிறார்? லட்ச ரூபாய் சீட்டைப் பத்தாயிரம் தள்ளி, தொண்ணூறாயிரத்துக்கு எடுக்கிறார். கட்டுவது முழுக் கணக்குக்கு. அந்தத் தள்ளுபடிதான் அவர் கொடுக்கும் வட்டி. சர்க்காரும் அதே மாதிரி, 100 ரூபாய் பில்லைத் தள்ளுபடி விலையில் நம்மிடம் விற்கிறது. கெடு முடிந்ததும் முழு 100 ரூபாய் தருகிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். 91 நாள் பில்லை 98 ரூபாய் 40 பைசாவுக்கு வாங்குகிறோம் என்று வைத்துக் கொள்வோம். பத்தாயிரம் ரூபாய் பில்லுக்கு நாம் கட்டுவது 9,840. பதின்மூன்று வாரம் கழித்து நம் வங்கிக் கணக்குக்கு வருவது 10,000. லாபம் 160 ரூபாய். வருஷக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆறரை சதவிகிதம்.

"இவ்வளவுதானா?" என்றார்கள் மதினி. இவ்வளவுதான். ஆனால் கொடுப்பது யார் என்பதையும் பார்க்க வேண்டுமே!

புதன்கிழமை என்ன நடக்கிறது?

ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின் ஏலம் எங்கள் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் நடக்கிறது. குவியல் குவியலாகக் காயின் சாம்பிள் வரும். வியாபாரிகள் காயை உருட்டிப் பார்த்து, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, கம்ப்யூட்டரில் விலை ஏற்றுவார்கள். யார் கேட்டாலும் திரையில் எல்லோருக்கும் தெரியும். அதிக விலை கேட்டவருக்குக் காய்.

சர்க்கார் பில் ஏலத்திலும் அதிக விலை கேட்டவருக்கே முதலிடம். ஆனால் இரண்டு வித்தியாசம். இங்கே ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தெரியாது. மூடிய உறையில் சீட்டு எழுதிப் போடுகிற மாதிரி, 'ஈ-குபேர்' என்ற ரிசர்வ் வங்கிக் கம்ப்யூட்டரில் பதிவார்கள். இரண்டாவது, அவரவர் கேட்ட விலையை அவரவர் கொடுக்க வேண்டும்.

நூறு கோடி ரூபாய் தேவை என்று ஒரு பொம்மைக் கணக்குப் போடுவோம். (உண்மையில் வாரா வாரம் பல ஆயிரம் கோடி.) முதல் வங்கி 98.44 விலையில் 50 கோடிக்குக் கேட்கிறது. இரண்டாவது 98.40-ல் 30 கோடி. மூன்றாவது 98.30-ல் 20 கோடி. நாலாவது 98.20-ல் 40 கோடி. மேலிருந்து கொடுத்துக்கொண்டே வந்தால், மூன்றாவது வங்கியோடு நூறு கோடி முடிந்தது. அந்த 98.30-க்குத்தான் 'கட்-ஆஃப்' விலை என்று பெயர். நாலாவது வங்கி வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கட்-ஆஃப் விலையிலேயே பலர் கேட்டிருந்தால், மீதியை விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள்.

விலை கட்டுப்படியாகாவிட்டால் தோட்டக்காரர் தன் காயைத் திருப்பி எடுத்துக் கொள்கிறாரே, அது போல எந்தக் கேட்பையும் மறுக்க சர்க்காருக்கும் உரிமை உண்டு.

சரி, விலை கேட்கத் தெரியாத நாம்? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. நாம் விலையே சொல்ல வேண்டாம். "எனக்கு இத்தனை ரூபாய்க்குப் பில் வேண்டும்" என்று மட்டும் சொன்னால் போதும். இதற்குப் 'போட்டியில்லாக் கேட்பு' என்று பெயர். ஜெயித்த பெரிய வங்கிகள் கொடுத்த விலைகளின் சராசரி எதுவோ, அது நம் விலை. மேலே உள்ள கணக்கில் அந்தச் சராசரி 98 ரூபாய் 40 பைசா! கோடி கோடியாய்ப் போடும் வங்கிகள் மண்டையை உடைத்துக் கொண்டு கண்டுபிடித்த விலை, பத்தாயிரம் போடும் நமக்கும் கிடைக்கிறது.

ஏலம் இல்லாத காலம்

இந்தியாவில் இந்தப் பில் முதலில் வந்தது 1917-ல், முதல் உலகப் போர் நடந்த காலத்தில். பிரிட்டன் 1877-லேயே தொடங்கிவிட்டது. இடையில் வெகு காலம் நம் சர்க்கார் ஏலம் வைக்கவில்லை. 1974 முதல் 4.6 சதவிகிதம் என்று ஒரே தள்ளுபடியைக் கட்டி வைத்தார்கள். அதே 1974-ல் விலைவாசி 20 சதவிகிதத்துக்கு மேல் ஏறியது. அந்த விலைக்கு ஆசையோடு யார் வாங்குவார்கள்?

வேறு வழி இருந்தது. 'அட்-ஹாக்' பில் என்று ஒன்று. சர்க்கார் கஜானாவில் கையிருப்புக் குறைந்தால், அந்தப் பில்லை எழுதி ரிசர்வ் வங்கியிடம் கொடுத்துப் பணம் வாங்கிக் கொள்ளலாம். கடைக்காரர் கேள்வி கேட்காமல் நோட்டில் எழுதிக்கொண்டே போகிற மாதிரி! ஆனால் இப்படிப் புதிதாய்ப் பிறக்கிற பணம் கடைசியில் எங்கே வந்து நிற்கும்? துவரம் பருப்பு விலையில்தான்.

இதை மாற்ற வேண்டும் என்று சுகமய் சக்கரவர்த்தி கமிட்டி 1985-ல் சொன்னது. 1986 நவம்பரில் 182 நாள் பில்லை ஏலத்தில் விட்டார்கள். 364 நாள் பில் 1992-ல் வந்தது. 1993 ஜனவரியில் 91 நாள் பில்லுக்கும் ஏலம். அப்போது ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தவர் நம் தமிழ்நாட்டுக்காரரான சி. ரங்கராஜன். அட்-ஹாக் பில்லைப் படிப்படியாக நிறுத்த 1994-ல் சர்க்காரோடு ஒப்பந்தம் ஆயிற்று. 1997 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது அடியோடு போயிற்று.

இன்று சர்க்காரும் சந்தைக்கு வந்து, "என்ன விலைக்குக் கடன் தருவீர்கள்?" என்று எல்லோரையும் போலக் கேட்டாக வேண்டும். ஏலத்தினால் நாட்டுக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

தை மாதப் பணமும் ஜூன் மாதக் கட்டணமும்

எங்கள் பக்கத்தில் ஒரு சங்கடம் வருஷா வருஷம் உண்டு. தையில் காய் விற்ற பணமோ, போனஸோ கைக்கு வரும். பிள்ளைகளின் கட்டணம் ஜூனில். நடுவில் நாலு மாதம்! வீட்டில் பணம் இருப்பது எப்படித்தான் தெரியுமோ, "நூற்றுக்கு மூணு வட்டி, மாசம் பிறந்தா வீடு தேடி வரும்" என்று யாராவது வந்து நிற்பார். எங்கள் தெருவில் ஓர் அக்கா, விடியுமுன்னே ஜீப் ஏறி மெட்டுக்கு மேலே காய் எடுக்கப் போய்ச் சேர்த்த பணத்தை அப்படிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் வட்டி வந்தது. மூன்றாம் மாதம் ஆளே இல்லை. "மகளுக்குக் கட்டவேண்டிய காசு தாயி அது" என்று அவர்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்த மாதிரி, தேதி குறித்த பணத்துக்குத்தான் 91 நாள் பில் பொருத்தம். பிப்ரவரியில் வாங்கினால் மே மாதம் முழுத் தொகை வந்துவிடும். கொடுப்பது மத்திய சர்க்கார்.

வங்கி டெபாசிட்டும் நல்லதுதான். 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. உங்கள் வங்கி அதே காலத்துக்கு என்ன வட்டி தருகிறது என்று கேட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எப்படி வாங்குவது?

2021 நவம்பர் 12-ந் தேதி ரிசர்வ் வங்கி 'ரீட்டெய்ல் டைரக்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2024-ல் செல்போன் செயலியும் வந்தது. வேண்டியவை: பான் கார்டு, ஆதார், உங்கள் பெயரில் சேமிப்புக் கணக்கு, செல்போன் எண், ஈ-மெயில். கணக்குத் தொடங்கக் கட்டணம் கிடையாது. இன்னொருவரோடு சேர்ந்தும் தொடங்கலாம். வாரிசுப் பெயரை மறக்காமல் எழுதுங்கள்.

கணக்கு வந்ததும், ஏலத்துக்கு முன்னால் "இத்தனை ரூபாய்க்கு" என்று பதிந்து பணம் கட்ட வேண்டும். குறைந்தது பத்தாயிரம், அதற்கு மேல் பத்துப் பத்தாயிரமாக. காகிதப் பத்திரம் எதுவும் கைக்கு வராது. வங்கி இருப்பு மாதிரிக் கணக்கில் இருக்கும். ஒவ்வொரு முறையும் பதிய வேண்டாம் என்பவர்களுக்குத் தானாகவே கேட்கும் வசதியையும் 2025-ல் சேர்த்தார்கள்.

மனதில் வைக்க வேண்டியவை

* ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள். கெடுவுக்கு முன் வேண்டுமானால் சந்தையில் விற்கத்தான் வேண்டும். நினைத்த நேரத்தில், நினைத்த விலைக்கு ஆள் கிடைப்பது நிச்சயமில்லை.

* வருவாய் ஒரே மாதிரி இராது. 2020-ன் பிற்பகுதியில் 91 நாள் பில்லின் வருஷ வருவாய் 3.5 சதவிகிதத்துக்கும் கீழே போயிற்று. 2023-ல் ஏழு சதவிகிதத்தை நெருங்கியது. வாங்கிய பிறகு மட்டும் மாறாது.

* லாபத்துக்கு வருமான வரி உண்டு. வரி கட்டுகிறவர்கள் கணக்கில் காட்ட வேண்டும்.

* பத்து வருஷம் கழித்து நடக்கப் போகும் கல்யாணத்துக்குச் சேர்க்க இது வழியல்ல. இது மாதக் கணக்குப் பணத்துக்கு.

* "ரிசர்வ் வங்கியிலிருந்து பேசுகிறேன், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் போனை வைத்து விடுங்கள். பில் விற்க யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

* சீட்டு கட்டுவதானால் பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள். அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குவதைத் தடுக்க 2019-ல் சட்டமே வந்திருக்கிறது.

காய் பொறுக்குகிற பெண்களின் கண்ணையும் விரலையும் எங்கள் ஊரில் யாரும் ஏமாற்ற முடியாது. சொத்தைக் காய் ஒன்று கூடத் தப்பாது. பணம் கேட்டு வருகிற ஆளையும் திட்டத்தையும் அதே கண்ணால் பாருங்கள், சகோதரிகளே. "யார் திருப்பித் தருவது? எந்தத் தேதியில்? முழுதாக எவ்வளவு?" இந்த மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் வருகிற இடத்தில் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.