பருவமும் பத்தியமும் – 11: மாரி வருத்தத்துக்கு ஆடியில் மருந்து

வருடப்பிறப்பு மருத்துநீர் போன வாரத்தோடு முடிந்தது. தாழம்பூவும் பீதறோகிணியும் திப்பிலியும் ஒரே பானையில் ஏன் கொதிக்கின்றன என்பதை மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மாரிக்காலக் குடிநீர்கள் என்று சொல்லியிருந்தேன். ஆனால் மாரிக்குப் போகும் வழியில் ஆடி கிடக்கிறது. அங்கே சீன வைத்தியத்தின் ஒரு வழக்கம் குறுக்கே நிற்கிறது. அதைப் பார்க்காமல் கடந்துபோக முடியவில்லை.

சீனரின் நாட்காட்டியில் ‘சான்ஃபு’ என்று ஒரு காலம் உண்டு. ஆண்டின் மிகக் கொடிய வெக்கை நாட்கள் அவை. அவற்றைக் குறிக்கும் கணக்கு நமது பஞ்சாங்கக்காரருக்கும் பிடித்துப்போகும். நாட்களுக்குப் பத்துப் பெயர்கள் சுழற்சியில் வரும். அவற்றில் ஏழாவது ‘கெங்’. ஜூன் 21ஐ ஒட்டிச் சூரியன் வடகோடியைத் தொட்டுத் திரும்பிய பிறகு வரும் மூன்றாவது கெங் நாளில் முதற் பகுதி தொடங்கும். அது பத்து நாள். நடுப்பகுதி சில ஆண்டுகளில் பத்து நாள், சில ஆண்டுகளில் இருபது நாள். கடைசிப் பகுதி மறுபடி பத்து நாள். இந்த முப்பது அல்லது நாற்பது நாட்களில் சீன வைத்தியசாலைகளின் வாசலில் வரிசை நிற்கும். வருகிறவர்களில் பலர் அன்றைக்கு நோயாளிகளே அல்லர். குளிர்காலத்தில் முட்டும் இருமலும் வந்து படுக்கிறவர்கள், கொடும் வெயிலில் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருப்பார்கள். வெண்கடுகையும் சில வேர்களையும் பொடித்து இஞ்சிச்சாற்றில் குழைத்து, முதுகில் குறித்த இடங்களில் அப்பி, சில மணித்தியாலத்தில் எடுத்துவிடுவார்கள். ‘குளிர்கால நோய்க்குக் கோடையில் வைத்தியம்’ என்பதே இதன் அடிப்படை. உடம்பிலும் உலகிலும் வெப்பம் உச்சத்தில் நிற்கும்போது உள்ளே ஒளிந்திருக்கும் குளிர்ச்சியை விரட்டுவது சுலபம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். இன்று வழங்கும் இந்தப் பற்றுக்கு மூலமாக 1695இல் சாங் லு என்ற வைத்தியர் எழுதிய நூலைக் காட்டுகிறார்கள்.

இதில் நமக்கு என்ன என்றால், அந்த முதற் பகுதி தொடங்கக்கூடிய நாட்கள் ஜூலை 11 முதல் 21 வரை. ஆடிப்பிறப்பு ஜூலை 16 அல்லது 17. யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியும் பயறும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கூழாகக் கொதிக்கும் அதே கிழமையில், சீனாவின் வடபகுதியில் முதற் சான்ஃபுவுக்கென்று மாவுக்குள் பூரணம் வைத்து அவித்துச் சாப்பிடுகிறார்கள். நமது பக்கத்தில் கொழுக்கட்டை. சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் இந்த ஒற்றுமையைக் கேட்டதும் ஒரு துள்ளல் வரும். அடுத்த படி என்னவென்று ஊகிக்கலாம்: சித்தர் போகர் சீனத்திலிருந்து வந்தவர் என்ற கதையை எடுத்து, இரண்டு நாட்டுச் சித்தர்களும் ஒரே உண்மையைக் கண்டார்கள் என்று முடித்துவிடலாம். மேடையில் கைதட்டும் கிடைக்கும்.

ஆனால் கணக்கைச் சரிபார்த்தால் துள்ளல் அடங்கிவிடுகிறது. சான்ஃபு சூரியன் உண்மையில் திரும்பும் நாளோடு கட்டப்பட்டது, சில நாள் முன்பின்னாக வந்தாலும் நூற்றாண்டுகள் போனாலும் நகராது. ஆடிப்பிறப்பு நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் கடக சங்கிராந்தி. தட்சிணாயனம் அன்று தொடங்குவதாகப் பஞ்சாங்கம் சொன்னாலும், சூரியன் தெற்கே திரும்பி அதற்குள் ஏறத்தாழ 25 நாள் ஆகிவிடுகிறது. அயனாம்சம் என்று பஞ்சாங்கத்தில் போடுகிறார்களே, அந்த இடைவெளிதான் இது. சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் கூடிக்கொண்டே போகிறது. ஏறக்குறைய 1,700 ஆண்டுக்கு முன் ஆடிப்பிறப்பு ஜூன் மாதச் சூரியத் திருப்பத்திலேயே விழுந்திருக்கும், சான்ஃபு தொடங்க மூன்று கிழமை இருக்கும்போதே. இன்னும் இரண்டாயிரம் ஆண்டு போனால் ஆடிப்பிறப்பு ஓகஸ்ட் நடுவில் வரும். அப்போது சான்ஃபு முடியும் தறுவாயில் இருக்கும். ஆகவே கூழும் கடுகுப் பற்றும் ஒரே கிழமையில் வருவது நாம் வாழும் நூற்றாண்டுகளின் தற்செயல். அதை ஞானத்தின் ஒற்றுமை என்று எடுத்துக்கொள்ள ஆதாரமில்லை.

திகதியை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தால் வேற்றுமை இன்னும் பெரிது. பீஜிங்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூலை, ஓகஸ்டில் கொட்டுகிறது. வெக்கையும் ஈரமும் அங்கே கைகோத்து வருகின்றன. அதனால்தான் கோடையில் உடம்பிலுள்ள ஈரத்தை வெளியேற்றவேண்டும் என்று சீன வைத்தியம் விடாமல் சொல்லுகிறது. யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டும் பிரிந்தே வாழுகின்றன. நமது கொடிய வெக்கை சித்திரை, வைகாசியில். ஆடியில் அடிப்பது சோளகம்: காய்ந்த, மண்ணை அள்ளிக்கொண்டு போகும் காற்று. குடாநாட்டின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஒக்ரோபரிலிருந்து டிசெம்பர் வரை, வெயில் தணிந்த காலத்தில் விழுகிறது. ஈரத்தை விரட்டும் சீனக் கஞ்சியை ஆடியில் குடிக்கிற யாழ்ப்பாணத்தான் இல்லாத ஈரத்தை விரட்டுகிறான். சீன மருத்துவத்தின் மூலநூலான ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ எந்தப் பருவத்தில் எப்போது படுத்து எப்போது எழும்புவது என்றுகூட வகுத்திருக்கிறது. குளிர்காலத்தில் வெள்ளெனப் படுத்து, வெயில் ஏறும்வரை எழும்பக்கூடாதாம். பனி உறையும் நாட்டுக்கு அது பொருத்தமான புத்தி. மார்கழி விடியலில் திருவெம்பாவைக்குச் சங்கு ஊதும் ஊரிலே அதை யார் கேட்பது?

சீன நூலைக் குறைசொல்லி நமது நூலைத் தூக்கிப்பிடிக்கப் போகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். நமது ஏடுகளுக்கும் இதே கேள்வி உண்டு. ஆறு பெரும்பொழுதில் கார் என்பது ஆவணியும் புரட்டாதியும். குடாநாட்டில் அந்த மாதங்களில் கிணற்று நீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். கார்மேகத்தைக் காணக் கழுத்து நோகும். முதுவேனிலில் வாதம் சேர்ந்து காரில் சீறும், காரில் பித்தம் சேர்ந்து கூதிரில் சீறும் என்று சித்த வைத்தியம் போடும் அட்டவணை தென்மேற்குப் பருவமழை விழும் நிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழியும் அப்படித்தான். நமது மானாவாரி நெல் விதைப்பு புரட்டாதியை ஒட்டியது, ஆடியை நம்பி விதைத்தால் குருவிக்குத்தான் விருந்து. ஆரியச் சக்கரவர்த்திகள் மாறி மாறிச் சூடிய பட்டப்பெயர்களைத் தாங்கிய செகராசசேகரமும் பரராசசேகரமும் இந்த மண்ணிலேயே எழுந்த வைத்திய நூல்கள். பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பகுதி பகுதியாக அச்சேற்றியிராவிட்டால் இன்று பேச ஒன்றும் இருந்திராது. ஆனால் ஒரு நூல் இங்கே எழுதப்பட்டது என்பதால் மட்டும் அதன் பருவக்கணக்கு இங்கே அளந்தெடுத்தது என்று ஆகிவிடாது.

சீனருக்கும் சித்தருக்கும் உண்மையில் பொதுவாக இருப்பது ஒரு முறை. நோய் சீறும் பருவம் ஒன்று, அது சேரும் பருவம் வேறு. கைவைக்கவேண்டியது சேரும் பருவத்தில். இதை இடத்துக்கு இடம் கொண்டுபோகலாம். மாதப்பெயர்களைக் கொண்டுபோக முடியாது. பருவம் பார்த்து உடம்பைப் பேணுவது என்பது அந்தந்த ஊரின் காற்றையும் மழையையும் காய்ச்சலையும் பார்த்துப் பேணுவதுதான். யாருடைய அட்டவணையும், எவ்வளவு பழையதானாலும், ஊர் மாறினால் திருத்தி எழுதப்படவேண்டும்.

அப்படியானால் ஆடிக்கூழ் வெறும் சடங்கா என்று கேட்கலாம். சித்த வைத்தியத்தின் கண்ணால் பார்த்தால், காய்ந்த காற்றடிக்கும் மாதத்தில் சூடாக, இனிப்பாக, தேங்காய்ப்பாலின் நெய்ப்போடு ஒரு உணவு வாதத்தைத் தணிக்கும் என்று சொல்ல இடமுண்டு. இதற்கு மறுப்பும் தயாராக இருக்கிறது: கருப்பநீர் இறக்கும் காலம் ஓய்ந்து, குட்டான் குட்டானாய்ப் பனங்கட்டி வீட்டில் கிடக்கும் மாதம் ஆடி, கிடைத்ததைக் காய்ச்சினார்கள், அதில் வைத்தியம் எங்கே வந்தது? வேப்பம்பூ வடகமும் அப்படியே, பூத்தபோது பொறுக்கினார்கள். இந்த மறுப்பில் பெரும்பகுதி சரி என்றே நினைக்கிறேன். ஆனால் இது பருவ உணவின் மதிப்பைக் குறைக்கவில்லை. எது எப்போது கிடைக்கும் என்பதையும் அந்தந்த மண்ணின் காற்றும் மழையும்தானே தீர்மானிக்கின்றன? ஏட்டைவிட அடுப்பு ஊரோடு ஒத்துப்போனதற்குக் காரணமும் அதுதான். அடுப்புக்குக் கண்மூடி வக்காலத்து வாங்கவும் வேண்டாம். பனங்கட்டி பெரும்பாலும் சீனியே. சலரோகம் உள்ளவருக்கு ஆடி மாதம் என்று விதிவிலக்குக் கிடையாது. பனங்கிழங்கை அவிக்காமல் காயவைத்து இடித்த ஒடியல் மாவை எலிகளுக்குக் கொடுத்த ஆய்வுகளில் ஈரல் பாதிப்புத் தெரிந்தது. ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்புநீரை வடிக்கும் பழக்கத்தைச் சோம்பலில் விட்டுவிடக்கூடாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பருவ வைத்தியம் எதற்கும் தகுந்த நிரூபணம் இல்லை என்பது அது. கடுகுப் பற்றைப் பற்றிச் சீனாவில் ஏராளமான ஆய்வுகள் உண்டு. பெரும்பாலானவை சிறியவை, உண்மை மருந்து யாருக்கு, போலி யாருக்கு என்று மறைத்துச் செய்யப்படாதவை. அவற்றை வைத்து முட்டு குறையும் என்று உறுதி கூற முடியாது. தோல் கொப்புளிக்கும் என்று உறுதியாகக் கூறலாம். கூழைப் பற்றி அந்த அளவுகூட இல்லை. ஆனால் காலம் பார்த்து முந்திக்கொள்வது என்ற கருத்தை நவீன வைத்தியம் கைவிடவில்லையே. குளிர்காலத்துக்கு முன்பே இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போடுகிறார்கள். இலங்கையில் வயலில் இறங்குகிறவர்களுக்கு, எலிக்காய்ச்சல் பரவும் பருவத்தில், சுகாதாரத் துறை டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கிறது. நோய் வருமுன் வைத்தியம் செய் என்ற சீனச் சூத்திரத்துக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் எந்தப் பச்சிலையிலும் இல்லை. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோன காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று ஆய்வுக்கூடம் உறுதிசெய்தது. வெள்ளம் நின்ற மாதம், வயலில் கால் வைத்த மாதம். டெங்குவும் இங்கே வடகீழ்ப் பருவமழையோடுதான் ஏறுகிறது. அந்த மாதங்களில் தடிமனுக்குக் குடிநீர் காய்ச்சிக் குடிப்பது நல்லதே. பின்வளவில் கிடக்கும் சிரட்டையையும் பழைய ரயரையும் கவிழ்த்துவைக்காமல் குடிநீர் மட்டும் குடிப்பதைப் பருவம் பேணுதல் என்று சொல்லமுடியாது.

இடத்துக்கேற்ற கணக்கு என்றால் அதன் விசித்திரமான விளைவையும் ஏற்கவேண்டும். ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் நமது சனத்துக்குத் தை மாசியில் பரராசசேகரத்தைவிட நெய்ஜிங் பொருத்தமான வழிகாட்டி. நான்கு பருவமும் உறையும் குளிரும் அங்கே நிஜம். வெள்ளெனப் படுத்து, சூரியனைக் கண்டு எழும்பு என்பது அங்கே அர்த்தமுள்ள அறிவுரை. ஆடிக்கூழை அங்கேயும் குடிக்கட்டும், ஊர் நினைப்புக்கு. மருந்துக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

குடாநாட்டுக்கென்று ஒரு பருவ அட்டவணை இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. சோளகம் எழும்பும் நாள், கிணறு ஏறும் நாள், முதல் மழை, வைத்தியசாலைப் பதிவேடுகளில் எந்தக் கிழமையில் எந்தக் காய்ச்சல் கூடுகிறது என்பவற்றை ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஆறு பெரும்பொழுதுக்குப் பதில் மூன்றோ நாலோ உண்மையான பருவங்கள் வெளிவரலாம். கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி நடக்கிறது. குடாநாட்டு வைத்தியசாலைகளில் பதிவேடுகள் இருக்கின்றன. ஏட்டைப் பதிப்பிப்பதோடு நிறுத்தாமல் இந்த வேலையையும் அங்கே கற்பிப்பவர்கள் கையில் எடுக்கவேண்டும்.

குடிநீர்களுக்கு இந்த வாரமும் இடம் போதவில்லை. சுக்கு, கொத்தமல்லி, தூதுவளை மூன்றும் அடுத்த வாரம் வரும். உங்கள் ஊர்ப் பரியாரியார் மாரிக்கு முன்னரே கொடுக்கும் குடிநீர் ஏதாவது இருந்தால், அது எந்த மாதத்தில் கொடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்து எழுதியனுப்புங்கள்.