47 நாளில் ஊரைக் காலி செய்யச் சொன்ன ராணுவம்... 80 ஆண்டுகளாக மக்கள் திரும்பாத பிரிட்டன் கிராமங்கள்: நடந்தது என்ன?

இங்கிலாந்தின் வார்மின்ஸ்டர் நகரத்திலிருந்து, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், லண்டனின் பழைய சிவப்பு டபுள் டெக்கர் பஸ்கள் வரிசை கட்டிக் கிளம்பும். அவை போய்ச் சேரும் ஊரின் பெயர் இம்பர். பஸ்களில் கூட்டம் அலைமோதும். ஆனால், அந்த ஊரில் குடியிருப்பவர்கள் என்று ஒருவர்கூட இல்லை.

1943 டிசம்பரில் காலியான ஊர் அது. போர் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் மக்கள் கிளம்பினார்கள். போர் 1945-ல் முடிந்தது. இம்பர் மக்கள் இன்றுவரை திரும்பவில்லை.

இம்பர் மட்டுமல்ல. பிரிட்டனில் இப்படி ராணுவத்திடம் போன கிராமங்கள் பல உண்டு. அவர்களால் ஏன் திரும்ப முடியவில்லை? வேறு சில ஊர்க்காரர்கள் மட்டும் எப்படித் திரும்பினார்கள்?

இம்பரில் என்ன நடந்தது?

வில்ட்ஷயர் மாவட்டத்தில், ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் இருக்கும் அதே சாலிஸ்பரி சமவெளியில்தான் இம்பரும் இருக்கிறது. 1086-ல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே இடம்பெற்ற பழைய ஊர். விவசாயமும் ஆடு வளர்ப்பும்தான் பிழைப்பு. 1851-ல் 440 பேர் இருந்தார்கள். வேலை தேடி மக்கள் வெளியேற, 1931-ல் அது 152 ஆகக் குறைந்திருந்தது.

1943 நவம்பர் 1-ம் தேதி ஊர் மக்கள் பள்ளிக்கூடத்துக்கு அழைக்கப்பட்டார்கள். 47 நாட்களில் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். காரணம், ஹிட்லரின் படையை எதிர்த்து ஐரோப்பாவுக்குள் நுழைய அமெரிக்க வீரர்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். தெருச் சண்டைக்குப் பயிற்சி எடுக்க அவர்களுக்கு ஒரு நிஜமான கிராமம் தேவைப்பட்டது.

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களே இருந்த நிலையில் ஊர் காலியானது. செய்தி வந்த நாளில் ஊர்க் கொல்லர் தன் பட்டறையிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. ஊரை விட்டுப் போன சில வாரங்களில் அவர் இறந்துபோனார். அடக்கம் செய்ய அவர் உடல் மட்டும் இம்பருக்குத் திரும்பியது.

ஏன் யாரும் எதிர்க்கவில்லை?

போர்க்காலம் என்பது ஒரு காரணம். நாட்டுக்காகச் செய்கிறோம் என்ற எண்ணம் மக்களிடம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. பத்திரம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் அது.

சாலிஸ்பரி சமவெளியில் ராணுவம் 1897-லிருந்தே நிலம் வாங்கத் தொடங்கிவிட்டது. 1930-களுக்குள் இம்பரின் பண்ணைகளும் வீடுகளும் கிட்டத்தட்ட எல்லாமே ராணுவத்தின் கைக்குப் போய்விட்டன. அதே விவசாயிகளுக்கே அவை குறைந்த குத்தகைக்கு விடப்பட்டன. பயிற்சிக்குத் தேவைப்பட்டால் குறுகிய அவகாசத்தில் காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது.

அப்படின்னா, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த மக்கள் சட்டத்தின் கண்ணில் வெறும் குத்தகைதாரர்கள். ஊர் அவர்களுடையது, நிலம் அவர்களுடையது இல்லை. திரும்பி வரலாம் என்று சொன்னார்கள் என மக்கள் நம்பினார்கள். ஆனால், ராணுவத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் அவர்கள் கையில் இல்லை.

டைன்ஹம்: தேவாலயக் கதவில் ஒட்டிய காகிதம்

அதே 1943 டிசம்பர். தெற்கே டார்செட் கடற்கரையை ஒட்டிய டைன்ஹம் கிராமத்துக்கும் இதே நிலைதான். பக்கத்தில் லல்வர்த்தில் இருந்த டாங்கிப் படையின் சுடுதளத்தை விரிவுபடுத்த, சுமார் 7,500 ஏக்கர் நிலம் தேவை என்றது ராணுவம். 225 பேர் வெளியேறினார்கள்.

கிளம்பும்போது தேவாலயக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். கோயிலையும் வீடுகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் ஒரு நாள் திரும்பி வருவோம், ஊரிடம் அன்பாக நடந்துகொண்டதற்கு நன்றி என்பதுதான் அதன் சாரம். பிரிட்டனில் இன்றும் டைன்ஹம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இந்தக் காகிதம்தான்.

இம்பர் போல இது ராணுவம் முன்பே வாங்கிய நிலம் இல்லை. பாண்ட் என்ற ஜமீன் குடும்பத்துக்குச் சொந்தமானது. போருக்குப் பிறகு, 1948-ல், அரசு கட்டாயக் கொள்முதல் மூலம் அதைத் தன்வசமாக்கியது. சோவியத் யூனியனுடன் பனிப்போர் தொடங்கியிருந்ததால் டாங்கிப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்பது அரசின் வாதம். பணம் நில உரிமையாளருக்குப் போனது. வாடகை வீடுகளில் இருந்த மீனவர்களுக்கும் பண்ணைத் தொழிலாளர்களுக்கும் கிடைத்தது, தோட்டத்தில் விட்டுவந்த காய்கறிகளுக்கான தொகை போன்ற சொற்பமான இழப்பீடுதான்.

அப்போ, திரும்பி வந்த ஊர்களே இல்லையா?

உண்டு. தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஸ்லாப்டன், டார்கிராஸ், ஸ்ட்ரீட் உள்ளிட்ட கிராமங்களிலிருந்து, அதே 1943 டிசம்பரில் சுமார் 3,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 30,000 ஏக்கர் காலியானது. ஸ்லாப்டன் கடற்கரை, அமெரிக்கப் படை இறங்கவிருந்த பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையைப் போலவே இருந்ததுதான் காரணம்.

1944 ஏப்ரலில் இந்தப் பயிற்சிக்காகக் கடலில் வந்துகொண்டிருந்த கப்பல்களை ஜெர்மன் படகுகள் தாக்கின. 749 அமெரிக்க வீரர்கள் பலியானார்கள். ஜூன் மாதம் நார்மண்டி தரையிறக்கம் முடிந்தது. அதன்பின் அந்தக் கடற்கரைக்கு ராணுவத்தில் வேலை இல்லை. 1944-ன் பிற்பகுதியிலிருந்தே மக்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள்.

வித்தியாசம் இங்கேதான். ஸ்லாப்டனை ராணுவம் தற்காலிகமாக எடுத்தது, தேவை முடிந்ததும் விட்டது. இம்பர் ஏற்கெனவே ராணுவத்தின் சொத்து. டைன்ஹமின் தேவையோ முடியவே இல்லை.

2,000 பேர் திரண்ட 1961 போராட்டம்

இம்பர் மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1961 ஜனவரியில், ஆஸ்டின் அண்டர்வுட் என்பவர் முன்னின்று நடத்திய பேரணியில் 2,000-க்கும் மேற்பட்டோர் திரண்டு, தடை செய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்து இம்பருக்கே போனார்கள். பழைய ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள்.

விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. பொது விசாரணையும் நடந்தது. முடிவு ராணுவத்துக்குச் சாதகமாகவே வந்தது. மக்களுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. ஊரின் புனித ஜைல்ஸ் தேவாலயம் பாதுகாக்கப்படும், ஆண்டுக்கு ஒருமுறை, புனிதரின் திருநாளை ஒட்டிய சனிக்கிழமை, அங்கே வழிபாடு நடத்தலாம்.

டைன்ஹமுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. அரசு அமைத்த ராணுவ நிலங்களுக்கான குழு, லல்வர்த் சுடுதளத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று 1973-ல் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. பதிலாக, பொதுமக்கள் வந்துபோகும் நாட்களை அதிகரித்தது.

சட்டம் எதுவும் உதவவில்லையா?

இதே டார்செட்டில் நடந்த இன்னொரு வழக்கு பிரிட்டன் அரசியலையே ஆட்டிவைத்தது. கிரிச்செல் டவுன் என்ற இடத்தில் 725 ஏக்கர் நிலத்தை, விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக அரசு 1938-ல் வாங்கியது. தேவை முடிந்தால் உரிமையாளர்களிடமே திருப்பித் தரப்படும் என்று 1941-ல் பிரதமர் சர்ச்சில் உறுதி அளித்தார். போர் முடிந்ததும் நிலம் வேளாண் துறைக்கு மாற்றப்பட்டது. பழைய உரிமையாளரின் வாரிசுகள் விலை கொடுத்து வாங்கத் தயாராக இருந்தும் தரவில்லை.

குடும்பம் விடாமல் போராடியது. 1954-ல் வேளாண் அமைச்சர் தாமஸ் டக்டேல் ராஜினாமா செய்தார். அதன் பிறகு உருவானதுதான் கிரிச்செல் டவுன் விதிகள். கட்டாயமாக எடுத்த நிலம் அரசுக்குத் தேவையில்லை என்றானால், முதலில் பழைய உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும்.

இதில் இரண்டு வார்த்தைகள் முக்கியம். ஒன்று 'தேவையில்லை', இன்னொன்று 'உரிமையாளர்'. ராணுவம் இன்னும் தேவை என்கிறவரை இந்த விதி வேலை செய்யாது. வேலை செய்தாலும், வாடகைக்கு இருந்தவர்களுக்கு அதில் இடமில்லை.

ஊரோடு போன மொழி

வேல்ஸில் உள்ள எப்பிண்ட் மலைப்பகுதியில் 1940-லேயே இது நடந்தது. 54 பண்ணைகளிலிருந்து 219 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வீட்டிலும் தொழுகைக்கூடத்திலும் பேசியது வெல்ஷ் மொழி. ஆங்கிலம் பரவிக்கொண்டிருந்த எல்லைப் பகுதியில் வெல்ஷ் தாக்குப்பிடித்த இடங்களில் ஒன்று அது. மக்கள் பல திசைகளில் சிதறியதும் அந்த மலையில் அந்த மொழியைப் பேச ஆள் இல்லாமல் போனது. எப்பிண்ட் இன்றும் ராணுவப் பயிற்சித் தளம்தான்.

இப்போது அங்கே என்ன இருக்கிறது?

இம்பரில் பழைய வீடுகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. ஜன்னல், கதவு இல்லாமல் நிற்கும் வெற்று வீடுகளில் ஒரு பகுதி, வட அயர்லாந்துக்குச் செல்லும் வீரர்களின் பயிற்சிக்காக 1970-களில் ராணுவமே கட்டியது.

13-ம் நூற்றாண்டில் தொடங்கும் தேவாலயம் மட்டும் முழுமையாக நிற்கிறது. அது ராணுவத்தின் சொத்தாக இருந்ததில்லை. முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள இந்தக் கட்டடத்தை 2005 முதல் தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளை பராமரிக்கிறது. மணிகளை எந்த வரிசையில் அடிக்க வேண்டும் என்று 17-ம் நூற்றாண்டில் சுவரில் எழுதிவைத்த குறிப்பு இன்றும் அங்கே தெரிகிறது. மணிகள்தான் இல்லை.

டைன்ஹமில் தேவாலயமும் பள்ளிக்கூடமும் சிறு அருங்காட்சியகங்களாக மாறியுள்ளன. பள்ளியை 1932-லேயே மூடிவிட்டார்கள். பிள்ளைகள் போதவில்லை.

மனிதர்கள் வெளியேறியதால் லாபம் அடைந்தது இயற்கை. நவீன உரமும் பூச்சிமருந்தும் படாத சாலிஸ்பரி சமவெளி, வடமேற்கு ஐரோப்பாவின் மிகப்பெரிய சுண்ணாம்புப் புல்வெளியாக நிலைத்திருக்கிறது. பிரிட்டனில் 19-ம் நூற்றாண்டில் அழிந்துபோன கிரேட் பஸ்டர்ட் என்ற பெரிய பறவையை 2004-ல் மீண்டும் கொண்டுவந்து விட்டது இந்தச் சமவெளியில்தான். கானமயிலின் உறவுப் பறவை இது.

போய்ப் பார்க்க முடியுமா?

முடியும், ராணுவம் அனுமதிக்கும் நாட்களில் மட்டும். டைன்ஹம் பெரும்பாலான வார இறுதிகளில் திறந்திருக்கும். இம்பர் சாலை ஆண்டில் சில நாட்கள்தான் திறக்கும். ஆகஸ்டில் ஓடும் 'இம்பர்பஸ்' சேவை 2009-ல் தொடங்கியது, அதில் சேரும் பணம் நன்கொடையாகப் போகிறது. இரு இடங்களிலும் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன.

அந்த ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை. திரும்ப வேண்டும் என்று கேட்க ஆட்களே இல்லாமல் போகும் காலம் வந்துவிட்டது. நின்றுபோன கட்டடங்களைக் காப்பாற்ற பிரிட்டனில் சட்டமும் பட்டியலும் அறக்கட்டளையும் இருக்கின்றன. ஆனால் அங்கே வாடகை கொடுத்து வாழ்ந்த மக்களுக்கு ஊர் மீது உரிமை உண்டு என்று சொல்ல, அன்று எந்தச் சட்டமும் இருக்கவில்லை.