தினம் ஐந்து ரூபாய், முப்பது நிமிடம்

ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள். அதற்குள் 17 முறை விழுதல். நடை பழகும் குழந்தைகள் தம்போக்கில் விளையாடுவதைக் கவனித்து, அமெரிக்க உளவியலாளர் கேரன் அடால்ஃபும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட சராசரி இது. குழந்தைகளின் வயது 12 முதல் 19 மாதம். அதாவது 139 அடிக்கு ஒருமுறை விழுகிறார்கள். இதற்காக எந்த வீட்டிலும் பிள்ளையை நடக்கவிடாமல் இடுப்பிலேயே வைத்துக்கொள்வதில்லை. “ஒண்ணுமில்லடா, எந்திரி” என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். ஆனால் அதே பிள்ளை ஸ்பூனைப் பிடித்து இரண்டு வாய் சோற்றைக் கீழே சிந்தினால், தட்டு உடனே பெரியவர் கைக்குப் போய்விடுகிறது. காலுக்குக் கொடுக்கும் பொறுமையை நாம் கைக்குக் கொடுப்பதில்லை.

அந்தச் சிந்தல் எவ்வளவு பெறும்? வேளைக்கு 30 கிராம் சோறு கீழே போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மூன்று வேளைக்கு 90 கிராம். அரிசியாகப் பார்த்தால் 30 முதல் 35 கிராம். கிலோ 60 ரூபாய் அரிசியில் இது சுமார் இரண்டு ரூபாய். 150 மில்லி பாலில் பாதி சிந்தினால், லிட்டர் 40 ரூபாய் கணக்கில் மூன்று ரூபாய். ஆக நாளுக்கு ஐந்து ரூபாய், மாதத்துக்கு 150. சின்ன எவர்சில்வர் டம்ளரில் ஒரு தடவைக்கு 50 மில்லி மட்டும் ஊற்றிக் கொடுத்தால், முழுவதும் கவிழ்ந்தாலும் நஷ்டம் இரண்டு ரூபாய்தான். பிள்ளை கேட்கக் கேட்க மறுபடி ஊற்றலாம்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் குழந்தை வளர்ச்சி அட்டவணையை 2022இல் திருத்தியது. அந்தந்த வயதில் நூற்றுக்கு 75 குழந்தைகளாவது செய்யக்கூடியவையே அதில் இடம்பெறுகின்றன. 15 மாதத்தில் விரலால் எடுத்துச் சாப்பிடுவது, 18 மாதத்தில் மூடியில்லாத டம்ளரில் குடிப்பது, ஸ்பூனைப் பிடித்துப் பார்ப்பது, 2 வயதில் ஸ்பூனால் சாப்பிடுவது என்று வரிசை போகிறது. டம்ளரில் குடிக்கும்போது சில சமயம் சிந்தலாம் என்பதும் அட்டவணையிலேயே இருக்கிறது. உடை விஷயத்தில் வரிசையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தளர்வான உடையைக் கழற்றுவது 30 மாதம், போட்டுக்கொள்வது 3 வயது. பொத்தானைக் கழற்றுவது 4, போடுவது 5. கழற்றத் தெரிந்த பிள்ளைக்குப் போடத் தெரியவில்லையே என்று கவலைப்பட இதில் ஒன்றுமில்லை. பொத்தான் வைத்த சட்டையை ஒதுக்கிவிட்டு எலாஸ்டிக் டிரவுசரும் கழுத்து அகன்ற பனியனும் எடுத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. 1907இல் ரோம் நகரின் சான் லோரன்சோ பகுதியில் முதல் பள்ளியைத் திறந்து, 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரியும் மேசை, நாற்காலியைக் குழந்தை உயரத்துக்கு இறக்கினார். நம் வீட்டில் அதற்குத் துண்டு மாட்டும் ஆணியைக் கீழே அடித்து, வாஷ்பேசின் முன் ஆடாத முக்காலி ஒன்று போட்டால் போதும்.

தண்ணீர்க் கணக்கில் மட்டும் கண்டிப்பு தேவை. நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் குழாயில் 20 விநாடி கை கழுவினால் 2 லிட்டர். குழாயைத் திறந்துவிட்டு மூன்று நிமிடம் விளையாடினால் 18 லிட்டர். லாரித் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் தெருவில் இது சின்ன விஷயமில்லை. அரை லிட்டர் மக்கில் தண்ணீர் கொடுத்து ஊற்றிக்கொள்ளச் சொல்லலாம். பக்கெட்டில் நிரப்பி வைக்கவே கூடாது. சில அங்குலத் தண்ணீரிலும் சிறு குழந்தை மூழ்கக்கூடும். பக்கெட் காலியாகக் கவிழ்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

பிள்ளைக்கு விருப்பமில்லாததை நாம் திணிக்கிறோம் என்று சிலர் நினைக்கலாம். உளவியலாளர்கள் வார்னகனும் டொமசெல்லோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், துணி காயப்போடுபவர் கைதவறிக் கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு எட்டாமல் தவிப்பதாக ஒரு காட்சி உண்டு. இப்படிப்பட்ட வேலைகளில் ஒன்றிலாவது உதவ வந்தவர்கள் 18 மாதக் குழந்தைகள் 24 பேரில் 22 பேர். பரிசு எதுவும் காட்டி அழைக்கவில்லை. கீரை ஆய உட்கார்ந்தால் ஓடிவந்து மடியில் விழும் பிள்ளையும் இதே வேகத்தில்தான் வருகிறது. அதற்கும் நாலு தண்டு கொடுக்கலாம்.

உண்மையான செலவு நேரம். பெரியவர் ஒரு நிமிடத்தில் மாட்டிவிடும் டிரவுசருக்குப் பிள்ளை எட்டு நிமிடம் எடுக்கலாம். பல் தேய்க்க, கை கழுவ, செருப்பு மாட்ட எல்லாம் சேர்த்து நாளுக்கு 30 நிமிடம் கூடுதல் என்று வைப்போம். அதில் பாதி, குக்கர் விசிலுக்கும் ஆபீஸ் பஸ்ஸுக்கும் நடுவில்தான் விழும். சாப்பாட்டில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது. பிள்ளையை இடுப்பில் வைத்துத் தெருவைச் சுற்றி ஊட்டும் வீட்டில், எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் அதற்கும் தட்டு வைத்தால் அம்மாவும் சூடாகச் சாப்பிடலாம்.

மிச்சமுள்ள நிமிடங்கள் யாருடையவை? இந்தியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97. வீட்டாரைப் பராமரிப்பதில் ஈடுபட்ட பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76. அந்த 134இன் மேல் இன்னொரு 30 நிமிடத்தை ஏற்றினால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் கூடுகிறது. “எனக்குப் பொறுமை இல்ல, நானே போட்டுவிட்டுடறேன்” என்று அம்மா சொல்வது இந்தக் கணக்கிலிருந்து வரும் சொல். அவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. காலைப் பதினைந்து நிமிடம், பல் தேய்ப்பதிலிருந்து செருப்பு வார் போடும்வரை, அப்பா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காரட்டும். அந்த நேரத்தில் அடுப்படிக்குள் யாரும் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.