பக்கவாதத்துக்குப் பின்: பழகிய வேலையே பயிற்சி

பக்கவாதம் வந்தவர் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலிருந்து ராயபுரத்திலோ எண்ணூரிலோ உள்ள தன் வீட்டுக்குத் திரும்பியதும், "நீ எதையும் தொடாதே, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள் வீட்டார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் நேற்றுவரை வலை பின்னிய கை, மீன் நிறுத்த கை, லேத் பட்டறையில் சக்கரம் சுழற்றிய கை இப்படி மடியில் கிடந்தே பழகிவிட்டால், திரும்ப வரக்கூடிய அசைவும் வராமல் போகலாம்.

மூளையில் என்ன நடக்கிறது?

ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ இறந்துபோன நரம்பணுக்கள் மீள்வதில்லை. அவை செய்த வேலையில் ஒரு பகுதியை மூளையின் மற்ற இடங்கள் கற்றுக்கொள்ள முடியும். அதற்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். "கையைத் தூக்கு, இறக்கு" என்றால் சில நாளில் சலித்துவிடும். அர்த்தமுள்ள வேலை என்றால் மனமும் கையோடு சேர்ந்துகொள்ளும்.

2000இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. பக்கவாதம் வந்தவர்களிடம், மேசைமேல் இருந்த நாணயங்களைப் பாதித்த கையால் வழித்து மறு கையில் விழச் செய்யச் சொன்னார்கள். நாணயமே இல்லாமலும் அதே அசைவைச் செய்யச் சொன்னார்கள். நாணயம் இருந்தபோது கை வேகமாகவும் சீராகவும் நகர்ந்தது.

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்ணுக்கு இது புதிய வேலையே அல்ல. பலகைமேல் கிடக்கும் சில்லறையை வழித்துச் சுருக்குப்பையில் போடுவது அவர் அன்றாடம் செய்ததுதான். மடியில் ஒரு தட்டை வைத்து, நல்ல கையால் பையைப் பிடித்து, பலவீனமான கையால் காசை வழிக்கலாம். அது கைவந்த பிறகு, சின்ன இறாலையும் பெரிய இறாலையும் தரம் பிரிக்கலாம். வலை பின்னுகிறவருக்கு ஊசி நல்ல கையில் இருக்கட்டும். மற்ற கை கண்ணியை இழுத்துப் பிடித்தால் போதும்.

எல்லாம் முன்புபோல் வந்துவிடாது. வராத இடத்தில் வழியை மாற்றிக்கொள்ள வேண்டும். சட்டை போடும்போது பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இந்தச் சின்ன உத்தி தெரிந்தால் தானே உடுத்திக்கொள்ளலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவரை மனச்சோர்வு பிடிக்கிறது. "நான் வீட்டுக்குப் பாரம்" என்ற எண்ணத்தைத் தளர்த்த, தன்னால் முடிந்த ஒரு வேலை பெரிய துணை.

கவனம் தேவை

பாதித்த கைக்குச் சூடு தெரியாமல் போகலாம். அடுப்பும் அரிவாள்மணையும் பிறகு வரட்டும். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு கெடும். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தவே கூடாது.

வீட்டார் மட்டுமே பயிற்சி தந்தால் போதாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், குடும்பத்தாருக்குப் பயிற்சி கற்றுக்கொடுத்ததால் மட்டும் மரணமோ பிறரைச் சார்ந்திருப்பதோ குறையவில்லை. தேர்ந்தவர் வந்து பார்த்து, படிப்படியாகக் கூட்டித் தர வேண்டும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. வருபவரிடம் இவர் முன்னே என்ன வேலை செய்தார் என்று சொல்லுங்கள், அந்த வேலையை வைத்தே பயிற்சி கேளுங்கள்.

வேலைக்குத் திரும்ப

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது. அவரால் பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் இதைக் கேட்டுப் பெறலாம். கடலுக்குப் போகிறவருக்கும் கூடை சுமக்கிறவருக்கும் மாற்று வேலை தர எந்த அலுவலகமும் இல்லை. அவர்களுக்குப் பழகிய வேலையை வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுத் தருவதுதான் சிகிச்சை, அதுவே பிழைப்பு. மருத்துவமனையிலிருந்து அனுப்பும் சீட்டில் மருந்துப் பட்டியலோடு 'இவர் செய்த வேலை, திரும்பச் செய்ய விரும்பும் வேலை' என்று ஒரு வரியும் இருக்க வேண்டும்.