கத்தரிக்கோல் எழுதும் கதை

திரைப்படமொன்றின் கதையை எழுதுபவர் யார் என்று வினவினால், கதாசிரியர் என்றே நம்மிற் பலர் விடை கூறுவோம். சற்று விடயமறிந்தோர் நெறியாளர் என்பர். ஆனால், படப்பிடிப்பு முடிந்தபின் தனியறையொன்றில் அமர்ந்து, எந்தத் துண்டு முன்னே வருவது, எந்தத் துண்டு பின்னே வருவது, எது அறவே நீங்குவது என்று தீர்மானிக்கும் தொகுப்பாளரின் கையிலேதான் கதை தன் இறுதி உருவத்தைப் பெறுகின்றது. ருஷ்ய நெறியாளர் குலெஷொவ் ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னர் இதனை ஒரு சிறு சோதனையால் விளக்கினார். உணர்ச்சி எதுவும் தோன்றாத நடிகரொருவரின் முகத்தை ஒரு கோப்பை சூப்புக்கு அடுத்தும், ஒரு சவப்பெட்டிக்கு அடுத்தும் ஒட்டிக் காட்டினாராம். பார்த்தவர்கள் அந்த ஒரே முகத்தில் பசியையும் கண்டனர், துயரத்தையும் கண்டனர்.

இந்தக் கத்தரிக்கோலை இன்று இரசிகர்களே கையில் எடுத்துள்ளனர். வெளிவந்த படமொன்றை வீட்டுக் கணினியில் இட்டு, காட்சிகளை வெட்டியும் இடம் மாற்றியும், விடுபட்டுப்போன காட்சிகளைச் சேர்த்தும் புதியதொரு வடிவம் அமைக்கின்றனர். இதனை இரசிகர் தொகுப்பு என்கின்றனர். அதிமானிட வீரர்களின் படங்கள் இதற்கு அடிக்கடி இலக்காவதற்குக் காரணம் உண்டு. பெருஞ்செலவிலே தயாராகும் இப்படங்களில் தயாரிப்பாளருக்கும் நெறியாளருக்கும் பிணக்கு எழுவது புதிதன்று. பிணக்கின் முடிவில் காட்சிகள் பல பெட்டிக்குள் உறங்கிவிடும். பின்னொரு நாள் அவை வெளிவரும்போது, "இப்படி அமைந்திருந்தால் எப்படியிருக்கும்?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகின்றது.

இதற்கு "சுப்பர்மான் 2" என்னும் படத்தினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. முதலாம் சுப்பர்மான் படத்தையும் இரண்டாம் படத்தையும் ஒருங்கே எடுக்கும் பணி 1977 ஆம் ஆண்டிலே றிச்சார்ட் டொனரின் நெறியாள்கையில் தொடங்கியது. இரண்டாம் படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்ட நிலையில், முதற் படத்தை முடிப்பதற்காக அது நிறுத்திவைக்கப்பட்டது. 1978 டிசெம்பரில் முதற் படம் வெளியாகிப் பெருவெற்றி கண்டது. ஆயினும், தயாரிப்பாளர்களாகிய சல்கைன்ட் தந்தைக்கும் மகனுக்கும் டொனருக்கும் இடையே நல்லுறவு இருக்கவில்லை. டொனர் நீக்கப்பட்டார்; றிச்சார்ட் லெஸ்ரர் அவரிடத்திற்கு வந்தார். அவர் பல காட்சிகளைப் புதிதாக எடுத்தார். வீரனின் தந்தையாக நடித்த மார்லன் பிராண்டோ தயாரிப்பாளர்களோடு வழக்காடியமையால், அவர் தோன்றும் காட்சிகள் இரண்டாம் படத்திலிருந்து அகற்றப்பட்டன. லெஸ்ரரின் வடிவம் 1980 இன் இறுதியிலிருந்து நாடு நாடாக வெளிவந்தது.

அகற்றப்பட்டவை மறக்கப்படவில்லை. வெவ்வேறு நாட்டுத் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பான நீண்ட வடிவங்களிலிருந்து துண்டு துண்டாகச் சேகரித்து இரசிகர் சிலர் தாமே ஒரு தொகுப்பை அமைத்தனர். படநிறுவனம் சட்ட நடவடிக்கை எடுப்பதாக எச்சரித்தது. ஈற்றில் அதே நிறுவனம், 2006 நவம்பரில் டொனரின் தொகுப்பை முறைப்படி வெளியிட்டது. பிராண்டோவும், வீரனாக நடித்த கிறிஸ்தோபர் றீவும் 2004 ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டனர். தாம் இணைந்து நடித்த அந்தக் காட்சி படத்திலே தன் இடத்தைப் பெற்றதை அவ்விருவரும் காணவில்லை.

இரு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஆட்கள் அவர்களே, பகைவர் மூவரும் அவர்களே. ஆயினும் கதை வேறு. மூன்று பகைவரும் விண்வெளிச் சிறையிலிருந்து எவ்வாறு விடுபட்டனர்? லெஸ்ரரின் படத்தில், பாரிஸ் நகரின் ஈபெல் கோபுரத்திலே தீவிரவாதிகள் வைத்த ஐதரசன் குண்டைச் சுப்பர்மான் விண்ணுக்குக் கொண்டுசென்று எறிகின்றான். அது வெடித்துச் சிறை உடைகின்றது. டொனரின் தொகுப்பிலோ, சிறையை உடைப்பது முதற் படத்தில் அவன் விண்ணுக்குத் திருப்பிவிட்ட ஏவுகணை. இரண்டு ஏவுகணைகள் பாய்ந்துகொண்டிருக்கையில், தன்னைக் காப்பாற்றிய ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கின்படி, அவன் முதலில் தடுத்த ஏவுகணை அது. அந்த வாக்கைக் காத்தமையாலேதான் மற்றைய ஏவுகணையைத் தடுக்கப் பிந்தினான். காதலி லொயிஸ் உயிரிழந்தாள். இப்போது அதே வாக்கின் விளைவாக உலகுக்கே ஆபத்து வருகின்றது. ஒரு காட்சியை மாற்றியதும், தற்செயலாக இருந்தது வினைப்பயனாகிவிட்டது!

இன்னும் ஆழமானது தந்தையும் மகனும் சந்திக்கும் இடம். காதலுக்காகத் தன் ஆற்றலைத் துறந்த வீரன், உலகம் பகைவர் கையில் வீழ்ந்ததை அறிந்து, தலைகுனிந்து பனிமாளிகைக்குத் திரும்புகின்றான். லெஸ்ரரின் படத்தில் அவனுக்கு அங்கே ஒரு பச்சைப் பளிங்கு கிடைக்கின்றது. அடுத்து அவனைக் காணும்போது ஆற்றலோடு பறந்து வருகின்றான். அவன் கொடுத்த விலை யாது? ஒன்றுமில்லை. டொனரின் தொகுப்பில், இறந்துபோன தந்தையின் நினைவுருவம் அவன்முன் தோன்றித் தன்னிடம் எஞ்சியிருந்த ஆற்றல் முழுவதையும் மகனைத் தொட்டு வழங்கிவிட்டு என்றென்றைக்குமாக மறைகின்றது. இனி அவன் ஆலோசனை கேட்பதற்கு எவருமில்லை. சில நிமிடக் காட்சிதான். ஆனால் அது இல்லாதபோது வீரனின் தியாகம் வெறும் விளையாட்டாகிவிடுகின்றது என்பதே நமது கருத்து.

லொயிஸின் குணமும் மாறுகின்றது. முன்னைய வடிவத்தில் கிளார்க் தடுக்கி விழுந்து, நெருப்பிலே பட்ட கை சுடாதிருப்பதால் இரகசியம் வெளியாகின்றது. டொனரின் தொகுப்பில் அவளே துப்பாக்கியை எடுத்து அவனைச் சுட்டு, உண்மையை ஒப்புக்கொள்ள வைக்கின்றாள். பின்னரே அதில் வெற்றுத் தோட்டா இருந்தமை தெரிகின்றது. செய்தியாளரான பெண்ணுக்கு அந்தச் சாதுரியம் பொருந்துகின்றது. அந்தக் காட்சி முறையாகப் படமாக்கப்படவேயில்லை. நடிகர் தேர்வுக்கு எடுத்த சோதனைப் படத்தையே சேர்த்துள்ளனர். றீவின் உடலும் தலைமுடியும் அங்கே வேறுபட்டிருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம்.

இரசிகர் குரலுக்கு நிறுவனங்கள் செவிசாய்த்தது அத்துடன் நிற்கவில்லை. 2017 இல் இரண்டு மணி நேரப் படமாக வெளியான "ஜஸ்ரிஸ் லீக்", இரசிகரின் நீண்ட கிளர்ச்சியின்பின், 2021 இல் சாக் ஸ்னைடரின் தொகுப்பாக நான்கு மணி நேரத்துக்கு நீண்டது. நீளம் கூடியதெல்லாம் நன்று என்று நாம் கூறமாட்டோம்.

நிறுவனத்துக்கு மூலச்சுருள்கள் உண்டு. இரசிகருக்கு என்ன உண்டு? விற்பனைக்கு வந்த இறுவட்டு மட்டுமே. படத்தை வெட்டுவது எளிது. ஒலியை வெட்டுவதே கடினம். காட்சியின் நடுவிலே இசை அறுந்தால் எந்தச் செவியும் அறிந்துவிடும். புதிய படங்களில் ஒலி ஆறு தடங்களாகப் பிரிந்திருக்கும். வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில் அமைந்திருக்கும். அத்தடத்தை மட்டும் பிரித்தெடுத்து, வேறு இசையை அடியிலே பரப்பி, தையல் தெரியாமல் மூடுகின்றனர். உரிமையாளரின் அனுமதியின்றிச் செய்வதாகையால் சட்டம் இதற்குப் பாதுகாப்பளிப்பதில்லை. ஆதலின், பணம் பெறுவதில்லை என்றும், மூலப்படத்தை விலைகொடுத்து வாங்கியவரே தொகுப்பைப் பார்க்கவேண்டும் என்றும் இவர்களுட் பலர் தமக்குள்ளேயே நெறி வகுத்துள்ளனர்.

டொனரின் தொகுப்பே இவர்களுக்கு இன்னும் வேலை வைத்திருக்கின்றது. உலகைப் பின்னோக்கிச் சுழற்றிக் காலத்தை மீட்கும் முடிவு, முதலில் இரண்டாம் படத்திற்கென்றே திட்டமிடப்பட்டது. பின்னர் முதற் படத்திற்கு இடம் மாற்றப்பட்டது. 2006 ஆம் ஆண்டுத் தொகுப்பு அதனை மீண்டும் இரண்டாம் படத்தின் இறுதியில் வைத்தமையால், இரு படங்களையும் தொடர்ந்து பார்ப்பவர் ஒரே முடிவை இருமுறை காண்கின்றார். லெஸ்ரரின் முடிவிலோ வீரனின் முத்தமொன்றால் லொயிஸ் யாவற்றையும் மறந்துவிடுகின்றாள். பிராண்டோவின் காட்சியை வைத்துக்கொண்டு இந்த முத்தத்தை முடிவாக ஒட்டினால் முதற் படத்தோடு மோதல் வராது. ஆனால் அந்த முத்தத்தை நம்புவதற்கு நாம் குழந்தைகளாக வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. ஆற்றல் இழந்திருந்தபோது சாலையோர உணவகமொன்றில் தன்னை அடித்தவனை, கிளார்க் இறுதியில் திரும்பிச்சென்று ஒரு கை பார்க்கின்றான். அரங்கமே சிரிக்கும் காட்சி அது. காலம் பின்னோக்கிச் சென்றுவிட்டதானால் அந்த அடியே நிகழ்ந்திராது. அந்த மனிதன் குற்றமற்றவன்! காட்சியை வெட்டினால் சிரிப்பு போய்விடும். வைத்தால் நியாயம் போய்விடும். டொனரின் தொகுப்பு சிரிப்பை வைத்துக்கொண்டது.