உதை தாங்கும் வளையம்

துப்பாக்கி, சுடப்படுவோனை மட்டுமன்றிச் சுடுவோனையும் உதைக்கும். துப்பாக்கி என்னும் சொல் துருக்கிய மொழிவழி நம்மிடம் வந்தது என்பர் அகராதியார். உதை என்பதோ நம் சொல். அறிவியல் தமிழில் ‘பின்னுதைப்பு’ என்னும் கலைச்சொல்லை அமைத்தபோது பெரிதாகத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அப்பின்னுதைப்பைத் தாங்குவதற்கென அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கிகளில் பொருத்தப்படும் ஒரு சிறு வளையத்தைப் பற்றியே இங்குக் காண்கிறோம். அது விரல் நகத்தளவே உள்ள பொருள். எனினும் அதனைத் தேர்வதில் பிழை நேர்ந்தால், காவலர் ஒருவரின் கையிலுள்ள கருவி வேண்டிய நொடியில் இயங்காது நின்றுவிடக்கூடும்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்கப் படை 1911 மார்ச்சு 29ஆம் நாள் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கியைக் கொள்வோம். ஜான் மோசஸ் பிரௌனிங் வகுத்த அது, ஏற்கப்படுமுன் அதே மாதத்தில் 6,000 தோட்டாக்கள் சுட்டுச் சோதிக்கப்பட்டது. தோட்டா வெடித்ததும் ‘ஸ்லைடு’ எனப்படும் மேற்பகுதி பின்னோக்கிப் பாய்கிறது. வெற்றுறையை வெளியே எறிகிறது. சுருள்வில்லால் மீண்டும் முன்னே தள்ளப்பட்டு அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிறது. இவையனைத்தும் கண் இமைக்கும் நேரத்திற்குள் முடிந்துவிடுகின்றன.

சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். இத்துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 15 கிராம் எடையுள்ளது. நொடிக்கு 250 மீட்டர் அளவில் பாய்வது. குழலும் ஸ்லைடும் சேர்ந்து ஏறத்தாழ அரைக் கிலோ. குண்டு பெற்ற உந்தத்தையே இவையும் எதிர்த்திசையில் பெறுவதால், நொடிக்கு 7 மீட்டர் அளவிலான விரைவில் பின்வாங்கத் தொடங்குகின்றன. அவ்விரைவின் ஒரு பகுதியைச் சுருள்வில் உண்டுவிடும். எஞ்சியதைக் கொண்டு ஸ்லைடு, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஓடியபின், சட்டகத்தின் மீது இரும்போடு இரும்பாக மோதுகிறது. மோதும் அவ்விடத்தில், சுருள்வில்லின் உள்ளே செல்லும் வழிகாட்டித் தண்டின் தலைப்பில், அமர்வதே நம் வளையம்.

வளையம் உந்தத்தைக் குறைப்பதில்லை; மோதும் நேரத்தை நீட்டுகிறது. மரத்திலிருந்து விழும் மாங்காயை விரித்த துண்டில் ஏந்தினால் அது சிதைவதில்லை. தரையில் விழுந்தால் பிளக்கிறது. விழும் விரைவு இரண்டிடத்தும் ஒன்றே. ஆகவே, வளையம் பொருத்தினால் கைக்கு உதையே தெரியாது என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டியதில்லை. அது காப்பது கையையன்று, சட்டகத்தை.

நீடித்து உழைக்கும் வளையம் எது என்ற வினாவிற்கு விடை அது ஆன பொருளில் இருக்கிறது. இயற்கை ரப்பர் நன்கு மீள்வது. ஆயினும் கனிம எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். எண்ணெயிடாத துப்பாக்கி ஏது? நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும். இன்று பெரிதும் விரும்பப்படுவது பாலியூரித்தேன். ஜெர்மானிய வேதியியலார் ஓட்டோ பேயரும் அவர்தம் குழுவினரும் 1937இல் கண்ட வழியில் பிறந்த இப்பொருள், தேய்மானத்தையும் கிழிதலையும் எதிர்த்து நிற்பதில் பெயர் பெற்றது. ஆனால் ‘பாலியூரித்தேன்’ என்ற ஒரு சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் வாங்கிவிடுவது அறிவுடைமையாகாது. பாலியெஸ்டர் வழிப்பட்டது எண்ணெயையும் உராய்வையும் நன்கு தாங்கும்; வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் நாளடைவில் நீரால் சிதைந்து பிசுபிசுப்பாகிவிடும். பாலியீதர் வழிப்பட்டது ஈரத்தை வெல்லும். எண்ணெயிடம் சற்றே தோற்கும். கடலோரத்துக் காவலருக்கும் வறண்ட அரிசோனாவின் விளையாட்டு வீரருக்கும் ஒரே வளையம் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. துப்பாக்கியைத் துடைக்கப் பயன்படும் கடுமையான கரைப்பான்கள் சில, இரு வகையையும் கெடுப்பன.

கடினத்தன்மையும் கருதத்தக்கது. மிக மென்மையானது நசுங்கி அறுபடும். மிகக் கடினமானது அதிர்ச்சியை அப்படியே சட்டகத்திற்குக் கடத்தும். பிறகு அது இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன? ‘என்றும் தேயாதது’ என்ற விளம்பரத்தை நாம் ஐயத்தோடுதான் கேட்கிறோம். சில நூறு தோட்டாக்களில் நைந்துபோவதும் உண்டு. ஆயிரத்தைத் தாண்டி நிற்பதும் உண்டு. நல்ல வளையம் தேயத்தான் செய்யும். ஆனால் துண்டு துண்டாகத் தெறிக்காமல், வெட்டுத்தடம் கண்ணுக்குத் தெரியும்படி தேயும். மாற்ற வேண்டிய வேளையைத் தானே காட்டிவிடும். தெறித்த துண்டொன்று ஸ்லைடின் வழியில் சிக்கினால் துப்பாக்கி பாதியில் நின்றுவிடும்.

வளையத்தின் தடிமன் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். அந்த அளவிற்கு ஸ்லைடின் ஓட்டம் குறைகிறது. நீண்ட குழலுடைய துப்பாக்கியில் இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. குறுங்குழல் வகைகளில் ஓட்டத்தில் மிகுதி என்பதே சிறிதளவுதான் உண்டு. தோட்டாக்கள் அனைத்தையும் நீக்கி, வெற்றுத் தோட்டாக்கூட்டைச் செருகி, ஸ்லைடை முழுதும் பின்னிழுத்துப் பார்க்க வேண்டும். அது பின்னே பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும்; கூட்டை அகற்றியபின் மீண்டும் சற்றே இழுத்துவிட்டால் தடையின்றி முன்னே செல்லவும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினும், எத்துணை உயர்ந்த வளையமாயினும் அத்துப்பாக்கிக்கு அது ஆகாது.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விழைகிறோம். பலர் வளையத்தைத் தேடுவது, சுருள்வில் தளர்ந்துவிட்டதை அறியாமலேயே. மேற்சொன்ன துப்பாக்கியின் வில் ஏறத்தாழ 7 கிலோ விசையுடையது. பழையதைப் புதியதன் அருகில் வைத்துப் பார்த்தால், பல ஆயிரம் முறை உழைத்தது குறுகியிருப்பது தெரியும். அவ்வில்லை மாற்றாது வளையத்தை இடுவது, ஒழுகும் கூரையின் கீழ்ப் பாத்திரம் வைப்பதை ஒக்கும். அதற்காக மிக வலிய வில்லைப் பொருத்துவதும் தீர்வாகாது; பின்னே குறைந்த அடி, ஸ்லைடு திரும்பும்போது முன்னே விழும்.

துப்பாக்கி வகுப்போர் சிலர் இத்தொல்லையைத் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்துள்ளனர். ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் 1993இல் வெளியிட்ட யூஎஸ்பி வகையில், வழிகாட்டித் தண்டிலேயே வலிய துணைச் சுருள்வில் ஒன்று அமைந்துள்ளது. குளோக் நிறுவனம் தன் நான்காம் தலைமுறைத் துப்பாக்கிகளில், 2010 முதல், இரட்டைச் சுருள்வில்லைக் கையாண்டது. இத்தகையவற்றில் தனியாக வளையம் தேடுவது வீண் வேலை.

பயிற்சிக் களத்தில் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் சுடுவோர் வளையத்தை இட்டு, துடைக்கும்தோறும் எடுத்துப் பார்த்து, வெட்டுத்தடம் ஆழ்ந்ததும் மாற்றிவிடலாம். உயிர்காக்க இடுப்பில் தாங்கும் துப்பாக்கியில் அதனை இடாதிருப்பதே நன்று என்பது நம் கருத்து. அங்குத் தேவை புதிய சுருள்வில் ஒன்றும், அதை மாற்றிய நாளைக் குறித்துவைத்த ஏடு ஒன்றுமே.